மடக்குக் கத்திகள்: பெயரும் உருக்கும் உப்புக்காற்றும்

அலகு பிடிக்குள் மடங்கி அடங்கும் கத்தி மடக்குக் கத்தி. சிறியதைப் பேனாக் கத்தி என்பது வழக்கம். ஈழத்தில் வில்லுக்கத்தி என்பார்கள். உறை இல்லாமலே சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ளலாம், கூர் யாரையும் தீண்டாது. தமிழ்நாட்டுக்கு இந்த வடிவம் புதியதன்று. ஓலைச்சுவடி எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் சிறு கத்தி. இரண்டும் மரத்தாலோ கொம்பாலோ செய்த பிடிக்குள் மடங்கும். கத்தியால் ஓலையின் ஓரத்தைச் சீவி அளவாக நறுக்கிக்கொண்டு, ஊசியால் எழுதுவார்கள். 1886இல் தொடங்கிய அடையாறு நூலகத்திலும், 1943இல் தொடங்கிய உ.வே.சா. நூலகத்திலும் கட்டுக் கட்டாக இருக்கும் சுவடிகள் இப்படிப்பட்ட சிறு கத்திகளைக் கையாளத் தெரிந்தவர்களின் உழைப்பு.

அந்தக் கத்திகளில் நிறுவனப் பெயர் கிடையாது. ஊர்க் கொல்லர் அடித்தார், மழுங்கினாலோ ஆணி தளர்ந்தாலோ அவரிடமே போனது. பெயர் பொறித்த கத்தி என்பது, செய்தவரை வாங்குபவர் ஒருபோதும் பார்க்க முடியாத தொலைதூர வணிகத்தோடு வளர்ந்த பழக்கம். அதனால் பெயர்களை ஒப்பிடும்போது அலகில் என்ன பொறித்திருக்கிறது என்பதோடு நின்றுவிட முடியாது. யார் செய்தது, எந்த உருக்கு, எப்படி மடங்குகிறது, பழுதானால் சரிசெய்ய முடியுமா என்ற நான்கையும் பார்த்தாக வேண்டும். சென்னையில், அதிலும் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை கடலை ஒட்டிய பகுதியில், இரண்டாவது கேள்விக்கு மற்ற இடங்களைவிட எடை கூடும்.

மடங்கும் முறையில்தான் மரபான கத்திகள் முதலில் பிரிகின்றன. மிகப் பழைய முறையில் ஆணியின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்து நிற்கும். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. மடக்கெழுத்தாணியைப் போன்ற எளிய கருவிகளுக்கு அது போதும். அடுத்தது முதுகுவில். பிடியின் முதுகோடு ஓடும் எஃகுப் பட்டை அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். திறக்கும்போது ஒரு ‘டக்’, மூடும்போது ஒரு ‘டக்’. அலகு தானாக ஆடாது. ஆனால் முனையைக் குத்திப் பலமாக அழுத்தினால் விரல் மேல் மடங்கிவிடும். மூன்றாவது பூட்டு வகை. வளையத்தைத் திருகிப் பூட்டுவது, முதுகில் உள்ள நெம்பை அழுத்தினால்தான் விடுபடுவது என அதில் பல உண்டு. மாங்காய் நறுக்கவும் பென்சில் சீவவும் முதுகுவில்லே தாராளம். இளநீர் மட்டையைக் குடையவோ கெட்டியான அட்டைப் பெட்டியைக் கிழிக்கவோ பூட்டு இல்லாத கத்தியை எடுக்கக் கூடாது.

உருக்கில் இரண்டு பெரும் பிரிவுகள். கார்பன் எஃகு எளிதில் தீட்டுப்படும், மெல்லிய கூர் ஏறும், துருவும் ஏறும். எவர்சில்வர் வகையில் சுமார் 13 சதவீதமோ அதற்கு மேலோ குரோமியம் சேர்ந்திருப்பதால் துரு எளிதில் அண்டாது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தி.நகர் பாத்திரக் கடைகளில் குடமும் சம்புடமுமாக அடுக்கியிருக்கும் நல்ல எவர்சில்வரில் நிக்கல் கலந்திருக்கும். அதைச் சூடாக்கித் துவைத்துக் கடினமாக்க முடியாது, காந்தமும் பெரும்பாலும் ஒட்டாது. கத்திக்கான எவர்சில்வரில் கார்பன் அதிகம், பதம் ஏறும், காந்தம் ஒட்டும். சாலையோரக் கடையில் வாங்கும் பளபளப்பான அலகில் காந்தம் ஒட்டவில்லையென்றால் அந்த அலகில் கூர் நிற்காது என்று முடிவு கட்டலாம். ஒட்டினால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. சாதாரண இரும்பிலும் காந்தம் ஒட்டத்தானே செய்யும்.

கார்பன் எஃகை இந்த ஊரில் வைத்துக்கொள்வது எப்படி என்பது தமிழ்ச் சமையலறைக்குத் தெரியாததல்ல. வாழைக்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போகும். காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. பழைய கடுக்காய் மைக்குக் கறுப்பு தந்ததும் இதே வேதிமாற்றம்தான். கார்பன் எஃகுப் பேனாக் கத்தியால் மாங்காய், எலுமிச்சை, வாழைக்காய் எதை நறுக்கினாலும் அலகில் சாம்பல் நிறத் திட்டுகள் படியும். அவை கெடுதல் இல்லை. நன்றாகப் படிந்த படலம் செந்துருவை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. செந்துருதான் பகை. பெசன்ட் நகரில் கடற்கரையைப் பார்த்த வீட்டில், ஈரம் துடைக்காமல் மடக்கி வைத்த கார்பன் அலகில் ஒரே இரவில் செம்புள்ளிகள் தோன்றிவிடலாம். தோல் உறைக்குள் வைத்தால் இன்னும் மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினால் துரு பிடிக்காது என்றாலும், நாளடைவில் அவை ஆணியருகே காறிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கத்தியைத் திறக்கவே விடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் இரண்டு சொட்டு போதும்; அது காறாது, உணவில் பட்டாலும் பயமில்லை.

உருக்கின் கதையில் தென்னிந்தியாவுக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. இந்தியாவின் மூசை உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வு படித்தபோது, அந்த உருக்கின் ஒரு துண்டை ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளி அடித்துப் பார்த்தார். அவர் செய்தது ஒரு பேனாக் கத்தி. அந்த உருக்கை அவர் அதன் பின் விடவில்லை. மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து 1820லும் 1822லும் உருக்குக் கலவைகள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னர் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் வேலையை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். இங்கிலாந்து திரும்பி 1839இல், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரின் கத்தி உருக்கு அதனால் மலிவானது. ஹீத்துக்குக் கிடைத்தது வழக்கும் வறுமையும்தான். ஷெஃபீல்டு கத்தியின் பெருமை பேசப்படும் இடத்தில் அவர் பெயரும் பரங்கிப்பேட்டையும் சொல்லப்பட வேண்டும்.

அந்த ஷெஃபீல்டு நிறுவனங்களில் பழைய இந்தியாவுக்கு நெருக்கமான பெயர் ஜோசப் ராட்ஜர்ஸ். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அதன் முத்திரை, 1764இல் பெற்றது. இறகுப் பேனா சீவிய கச்சேரி எழுத்தர் காலம் தொட்டு அதன் சிறு கத்திகள் காலனிகளெங்கும் போயின. 1822இல் அந்த நிறுவனம் 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டியது. அவ்வளவு தொழில்திறன் இருந்தும் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நிறுவனம் கை மாறி மாறி நொடித்தது. பெயர் மட்டும் பிழைத்து, 1980களில் எகிங்டன் குழுமத்திடம் சேர்ந்தது. தாத்தா காலத்து ராட்ஜர்ஸும் பிற்காலத்து ராட்ஜர்ஸும் ஒரே பட்டறையின் பிள்ளைகள் அல்ல. பழைய சாமான் கடைகளில் எப்போதாவது அகப்படும் பழையவற்றில் முதுகுவில் இன்னும் ‘டக்’ என்று அடித்தால், அலகு பாதி தேய்ந்திருந்தாலும் அவை வாங்கத் தக்கவை.

பிரான்சின் ஒப்பினெல் வேறு வகைக் கதை. சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் வடித்த கத்தி, இன்றும் அதே குடும்பத்தின் பெயரில் ஏறக்குறைய அதே வடிவில் வருகிறது. 1897இல் 1 முதல் 12 வரை அளவு எண்கள் ஏற்பட்டன. 1ஆம், 11ஆம் எண்கள் பின்னர் கைவிடப்பட்டன. 1909 முதல் அலகில் முடிசூட்டிய கை முத்திரை. 1955இல் வளையப் பூட்டு சேர்ந்தது. உருளைப் பிடியின் நடுவே வாளால் அறுத்த ஒரு பிளவு, அலகு, ஆணி, இரண்டு வளையங்கள், அவ்வளவுதான் கத்தி. 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர்; மொத்த எடை 50 கிராமுக்குள். அலகு மிக மெல்லியதாகச் சீவப்பட்டிருப்பதால் கொய்யாவிலும் வெள்ளரியிலும் தடையின்றி இறங்குகிறது. தடித்த அலகுள்ள கத்திகளிடம் இந்தச் சுகம் கிடைக்காது. கார்பன், எவர்சில்வர் இரண்டிலும் கிடைக்கிறது, சென்னைக்கு எவர்சில்வர்தான்.

ஆனால் பிடி பீச் மரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தை எவ்வளவு கொடுத்தாலும் திறக்காது. இதற்குச் சவாய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையம் பூட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு விரலால் இழுக்கலாம். பிளவின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிடிக்கு மெழுகு ஏற்றினால் அந்தத் தொல்லையும் குறையும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது மட்டும் கூடவே கூடாது. சமையலறைத் தொட்டியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் வீட்டுக்கு இது ஏற்ற கத்தி அல்ல.

அந்த வீட்டுக்கு விக்டோரினாக்ஸ். சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்ஸெனர் 1884இல் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். ராணுவத்துக்கான முதல் தொகுதிக் கத்திகளைச் செய்தது ஜெர்மனியின் ஸோலிங்கன் பட்டறை என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. சுவிஸ்காரர்களிடம் அப்போது அவ்வளவு உற்பத்தித் திறன் இல்லை. 1897இல் வந்த அதிகாரிகள் கத்தியில், ஒரே வில்லின் இரு பக்கமும் கருவிகளை மாட்டும் உத்தி இருந்தது. சின்னக் கத்திக்குள் அத்தனை கருவிகள் அடங்கிய வழி அதுதான். 1909இல் தாயார் விக்டோரியாவின் பெயர் நிறுவனத்துக்கு வந்தது. 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ அதோடு ஒட்டியது. போட்டி நிறுவனமான வெங்கரை 2005இல் வாங்கிய பின் சுவிஸ் ராணுவக் கத்தி என்றால் இந்த ஒன்றுதான்.

அதன் உருக்கின் கடினம் ராக்வெல் அளவில் 56தான். கூர் நெடுநாள் நிற்காது. ஆனால் சாதாரணத் தீட்டுக்கல்லில் சில நிமிடங்களில் மீண்டுவிடும், துருவை அனேகமாக மறந்துவிடலாம். சிவப்பு பிளாஸ்டிக் பிடியைவிட அலுமினியப் பிடி உள்ள பயனியர், ஃபார்மர் வகைகள் உறுதியானவை. வியர்வையும் உப்புக்காற்றும் அவற்றை அதிகம் தொடுவதில்லை. குறை என்றால், அலகு குட்டை, பெரும்பாலான வகைகளில் பூட்டும் இல்லை. பலாச்சுளை எடுக்கவோ முழுத் தர்பூசணியைப் பிளக்கவோ இது போதாது. ஒரு பேருந்துப் பயணம், ஒரு பழம், ஒரு பார்சல் கயிறு என்ற அளவுக்கு இதை மிஞ்சிய மடக்குக் கத்தி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பெயரை நம்பி ஏமாற அதிக வாய்ப்புள்ள கத்தி லயோல். பிரான்சின் ஒரு மலைக் கிராமத்தின் பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே உருவான ஒடிசலான, வளைந்த கத்திக்கும் அதே பெயர். வில்லின் நுனியில் ஒரு தேனீ உருவம் இருக்கும். பெயர் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத காலம் நீண்டதால் தியேர் நகரப் பட்டறைகளும் செய்தன, ஆசியத் தொழிற்சாலைகளும் செய்தன. கிராமத்தில் மீண்டும் பட்டறை எழுந்தது 1987இல்தான். பெயருரிமை பற்றிக் கிராமம் தொடுத்த நெடிய வழக்கில் 2019இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நல்ல லயோல் கையால் முடிக்கப்பட்ட அழகிய பொருள், விலையும் அதற்கேற்றபடி. மலிவு லயோலில் தேனீ மட்டும் பத்திரமாக இருக்கும். ஆணி ஆடும், அலகு வில்லில் மோதி மழுங்கும். அலகில் ‘லயோல்’ என்ற எழுத்து இருப்பது எதற்கும் சான்றல்ல. பட்டறையின் பெயர் தனியே இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதற்கு நேரெதிர் அமெரிக்காவின் கேஸ். 1889இல் தொடங்கிய இந்நிறுவனம் அலகின் அடியில் பொறிக்கும் முத்திரையைக் காலத்துக்குக் காலம் மாற்றிவந்தது. 1970 முதல் பெயருக்குக் கீழே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைச் சொல்லலாம். வடிவ எண்ணிலும் செய்தி உண்டு. 6318 என்றால் 6 எலும்புப் பிடி, 3 மூன்று அலகு, 18 வடிவம். செய்தவர் தன் பொருளுக்குப் பொறுப்பேற்கும் முறை என்றால் இதுதான். எலும்புப் பிடியும் பித்தளை உள்தகடும் கொண்ட இக்கத்திகள் நம் ஊர்க் கடைகளில் அரிது; வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களின் பெட்டியில் வருபவைதான். 1960களின் முதல் பாதியில் வந்த இன்னொரு அமெரிக்கக் கத்தியான பக் 110, பூட்டுள்ள கத்திகளுக்கு இலக்கணம் வகுத்தது. பித்தளையும் கருங்காலியும் சேர்ந்து 200 கிராம் எடை. வேட்டி மடிக்கோ சட்டைப் பைக்கோ ஆகாது. பித்தளை கறுத்தால் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம், அலகில் மட்டும் புளி படாமல்.

ஜப்பானின் ஹிகோனோகாமி 1890களில் பிறந்தது. மடித்த பித்தளைத் தகடு பிடி, அலகின் பின்னால் நீளும் சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், வில் கிடையாது. ஒரு காலத்தில் பல பட்டறைகள் செய்தன. பள்ளிப் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் 1960களில் வலுத்தபின் தொழில் சுருங்கி, மிகி நகரின் நாகாவோ குடும்பத்திடம் மட்டும் அந்தப் பெயருரிமை நின்றது. பிரான்சின் தியேர் நகரில் 1929 முதல் வரும் டூக்-டூக் அதே எளிமையுடையது. மடித்த எஃகுத் தகடு பிடி, ஆனால் முதுகுவில் உண்டு. இரண்டும் பெரும்பாலும் கார்பன் எஃகு. தினமும் துடைக்கும் கை உள்ளவர்களுக்கு மட்டும்.

இந்தியாவில் மடக்குக் கத்தி நிறுவனத்தின் பெயரைவிட ஊரின் பெயரால் அறியப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரி, திரைப்பட வில்லன்கள் கையில் ஏறிக் கெட்ட பெயர் சம்பாதித்தது. நீண்ட அலகுக்கு 1990களில் மாநில அரசு விதித்த கட்டுப்பாடும், மலிவான வெளிநாட்டுக் கத்திகளும் சேர்ந்து அந்தக் கைத்தொழிலை ஏறக்குறைய முடித்துவிட்டன. 2023இல் ராம்பூர் நகரச் சந்திப்பில் பிரம்மாண்டமான கத்திச் சிலை வைத்தார்கள். பட்டறைகளுக்கு வேலை கொடுத்திருந்தால் அதைவிட நல்லது. கட்ச் பகுதியின் அஞ்சாரிலும் ரேஹா கிராமங்களிலும் கத்தியும் பாக்குவெட்டியும் செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பித்தளைப் பிடிகளில் நுணுக்கமான வேலைப்பாடு அவர்கள் சிறப்பு. தமிழ்நாட்டில் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் புகழ் அரிவாளோடு நின்றது. துவைச்சலில் அவ்வளவு கைதேர்ந்த கொல்லர்கள் மடக்குக் கத்தியை ஒரு பண்டமாக வளர்க்கவில்லை. வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டியும் அடுக்களையில் அரிவாள்மனையும் இருந்ததால் தேவை எழவில்லை என்று கொள்ளலாம்.

தி.நகர் நடைபாதைக் கடைகளில் நகவெட்டியோடும் சாவிக்கொத்தோடும் தொங்கும் மடக்குக் கத்திகளில் வெள்ளைச் சிலுவையிட்ட சிவப்புப் பிடி அதிகம். சிலுவைச் சின்னத்தை எவரும் அச்சடிக்கலாம். அசல் விக்டோரினாக்ஸில் அலகின் அடியில் நிறுவனப் பெயர் பொறித்திருக்கும். கருவிகளைத் திறந்தால் வில் ஒவ்வொன்றையும் தெளிவாகப் பிடித்து நிறுத்தும், மூடினால் நடுக்கோட்டில் ஒன்றையொன்று உரசாமல் அடங்கும். கடையில் நின்றபடியே இவற்றைப் பார்த்துவிடலாம். அலகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆணியின் தளர்வும் தெரிந்துவிடும்.

எந்தப் பெயராக இருந்தாலும் தெருவில் வரும் சாணைக்காரரிடம் மெல்லிய பேனாக் கத்தியைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் சக்கரம் சரி. உலர்ந்த சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மெல்லிய கூர் நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தட்டையான தீட்டுக்கல் போதும். அலகைக் கல்லின் மேல் 15 முதல் 20 பாகை சாய்த்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுத்து, கூரில் எழும் மெல்லிய பிசிரைத் தோல் பட்டையில் உரசி எடுத்தால் வேலை முடிந்தது.

சட்டம் மடக்குக் கத்தியைத் தனியே தடை செய்யவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வரிசையில் வைக்கின்றன. வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைத்தவை அதில் சேரா. நீண்ட ராம்பூரியைத் தவிர்த்தால், இங்கே பேசப்பட்ட சிறு மடக்குக் கத்திகள் எதுவும் அந்த அளவை எட்டுவதில்லை. ஆனாலும் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பவரின் நோக்கத்தைக் காவல்துறை கேட்கலாம். பாதுகாப்புச் சோதனை உள்ள இடங்களில் சிறு பேனாக் கத்தியும் நிறுத்தப்படும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கைப்பையில் மறந்து வைத்த கத்தி திரும்பக் கிடைக்காது. அதை முன்கூட்டியே சரக்குப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.